கரடிக் கை இல்லாத கயோட்

வெர்னான் ஷ்ரேடர் தன் காரை ஓட்டிக்கொண்டு வரவில்லை, ஏற்றிக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளுக்குப் புழுதி காட்டுவதற்கென்றே எட்டு சிலிண்டர் வைத்துக் கட்டிய 1969ஆம் வருஷத்து கெஸ்லர் கயோட் அது. கூரையை மடித்து வைத்துக்கொள்ளும் வகை, தக்காளிச் சிவப்பு. அப்பேர்ப்பட்ட வண்டி மூடிய டிரெய்லருக்குள் பட்டை போட்டுக் கட்டப்பட்டு, பல்லக்கில் வரும் மணப்பெண்ணைப் போல ஹேடன் பொருட்காட்சித் திடலில் வந்து இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. கெஸ்லர் சங்கத்தின் ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்த கார்களில் முக்கால்வாசி அப்படித்தான் வந்திருந்தன. ஓடிய கார் என்று தெரிந்தால் இங்கே மரியாதை குறைந்துவிடும்.

வெர்னானுக்கு எழுபத்தாறு வயது. ஊர் உயர்நிலைப் பள்ளியில் துணை முதல்வராக இருந்து, பையன்களின் தலைமுடி காலரைத் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தலைமுடிக்குப் பதில் இந்தக் கார் கிடைத்தது. அப்பா ஹெர்மன் வாங்கி ஓட்டி, பழைய சோளக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போன வண்டி. கடைசித் திருகுவரை கழற்றி, தேய்த்து, மெருகேற்றி மறுபடியும் பூட்டினார். பூட்டி முடித்தபோது அவருடைய முழங்கால் கிளட்ச்சை மிதிக்க மறுத்துவிட்டது. மகளுக்கோ பெட்ரோல் வாசனையே ஆகாது. ஆகவே விற்பனை.

முன்கண்ணாடியில் அவர் சொருகிய அட்டையில் இப்படி இருந்தது: 'ஒரே குடும்பத்தின் கார். கெஸ்லர் ஆலையின் தரப் பரிசோதகர் ஹெர்மன் ஷ்ரேடர் வாங்கியது. மகன் வெர்னான் புதுப்பித்தது. தகுதியுள்ளவருக்கே விற்கப்படும்.'

மடக்கு நாற்காலியில் வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூயெல்லா, மூக்குக்கண்ணாடியை இறக்கி அதைப் படித்தாள்.

"தரப் பரிசோதகரா? மாமா எப்ப பரிசோதகர் ஆனாரு?"

"மெதுவாப் பேசு."

"செத்தப்புறமும் பதவி உயர்வு குடுக்கறாங்களா அந்த ஆலையில? ஆலையவே இழுத்து மூடிட்டாங்களே, வெர்ன்."

வெர்னான், ஏற்கெனவே பளபளத்த முன்பக்க பம்பரை மான்தோலால் துடைத்தார். ஷ்ரேடர் குடும்பத்தில் அரைகுறை வேலை கிடையாது. இதை அவர் பள்ளியில் சொல்லியிருக்கிறார், தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடும் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் அவருடைய தாத்தா செய்த தேவாலயப் பெஞ்சுகள் இன்றும் ஆடாமல் நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு ஆள்தான் ஆடியவர். அந்த ஆள் அப்பா.

ஹெர்மன் ஷ்ரேடர் பரிசோதகர் அல்ல. இரண்டாவது ஷிஃப்ட்டில், இன்ஜினுக்கும் உள்ளே உட்காருபவர்களுக்கும் நடுவே இருக்கும் தகட்டில், மூட்டுகளுக்குக் கறுப்புப் பசை அடைப்பவர். வழிந்த பசையைத் துடைக்கத் துணி கொடுத்திருந்தார்கள். ஹெர்மனுக்குத் துணியை எட்டி எடுப்பது பெரிய பாடு. வெறும் கையால் வழித்தார். வழித்த கையை அந்தத் தகட்டிலேயே தடவினார். அடுத்த கார் வந்தது. சோளம் பறிக்கும் இயந்திரத்தில் நடுவிரலில் பாதியைக் கொடுத்துவிட்ட கை அது. ஆகவே ஒவ்வொரு காரிலும் மூன்று நீளக் கோடு, நடுவில் ஒரு குட்டைக் கோடு, கரடி பிறாண்டியது போல.

அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு, தலை நரைத்துக் கையில் காசும் சேர்ந்த ஒரு கூட்டம் பழைய கெஸ்லர்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்க ஆரம்பித்தது. இவர்களுக்கு ஒரு வேதம் உண்டு. கார் ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பெயின்ட் வழிந்திருந்தால் வழிய விட வேண்டும். ஆணி கோணலாக இருந்தால் கோணலாக அடிக்க வேண்டும். ஆலையைவிட நன்றாகச் செய்வதுதான் மகாபாவம். ஒரு சோம்பேறி அரை நிமிஷத்தில் செய்த தப்பை, படித்த மனிதர்கள் அரை மாதம் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துச் செய்தார்கள். கறுப்புக் கோடுகளுக்குக் 'கரடிக் கை' என்று பெயர் வைத்தார்கள். சட்டையில் அச்சடித்தார்கள், தொப்பியில் தைத்தார்கள். ஒருவன் தோளில் பச்சையே குத்திக்கொண்டான். யாருடைய கை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

வெர்னானுக்குத் தெரியும். அப்பாவின் காரில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியபோது அதே கோடுகள் வெளியே வந்தன. சொந்தக் காரில்கூட அந்த மனிதர் துணியை எட்டி எடுக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை வெர்னான் தேய்த்தார். எலுமிச்சைச் சாறு கொண்டுவந்த லூயெல்லா கதவருகே நின்று பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தகட்டின்மேல் தக்காளிச் சிவப்பு ஏறியது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது.

முற்பகலில் காரை வாங்க ஒருவர் வந்தார். அரிசோனாவிலிருந்து வந்த டாக்டர் பிரெஸ்டன் ஹால்ஸி, கோணல் பல்லை நேராக்கும் வைத்தியர். வாழ்நாள் முழுக்க ஊரார் வாயை நேராக்கிச் சம்பாதித்ததைக் கோணல் ஆணிகளில் செலவழித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, காரின் அடியில், கதவின் இடுக்கில், இருக்கையின் கீழே எல்லாம் விட்டு விட்டுப் பார்த்தார். வலிக்கிறதா என்று காரைக் கேட்காததுதான் பாக்கி.

"அருமையான வேலை, மிஸ்டர் ஷ்ரேடர். கூரைத் துணியோட தையல் அச்சு அசலா இருக்கு."

"எங்க குடும்பத்துல அரைகுறை வேலை கிடையாது, டாக்டர்."

"பானெட்டைத் திறக்கலாமா?"

திறந்தார்கள். டாக்டர் குனிந்தார். கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். நிமிர்ந்தபோது அவர் முகம், எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டும் என்று சொல்ல வருகிற முகமாக இருந்தது.

"கை இல்லையே."

"இந்தக் காருக்குக் கிடையாது."

"இரண்டாவது ஷிஃப்ட் கார்தானே இது?"

"எங்கப்பா அங்க பரிசோதகர். அவர் வாங்கப்போற காருல கையத் தடவற தைரியம் எவனுக்கு இருந்திருக்கும்?"

டாக்டர் அட்டையை இன்னொரு தடவை படித்தார். அவர் மரியாதை தெரிந்த மனிதர். பொய் என்று சொல்லவில்லை.

"வருத்தமா இருக்கு. கை இல்லாத கயோட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோனா என் சிநேகிதங்க என்ன சொல்வாங்க? ஒண்ணு பண்ணலாம். கையை வரைஞ்சு குடுங்க, இப்பவே வாங்கிக்கறேன். அதோ அந்தக் கடையில அதே பசை விக்கறான்."

"என் கார்ல அழுக்குக் கை வைக்கணும்கறீங்க."

"சரியான அழுக்கு," என்றார் டாக்டர். "அதுதான் முக்கியம்."

முடியாது என்று சொல்ல வெர்னான் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கை வேணுமா டாக்டர்? அது எங்க வீட்டுச் சொத்தாச்சே."

லூயெல்லாவின் தம்பி டுவேன் ப்ரூயிட். ஒரு கையில் குச்சியில் சொருகிப் பொரித்த சாசேஜ். தொப்பை மேல் கரடிக் கை அச்சடித்த வெள்ளைச் சட்டை. தொப்பையின் புண்ணியத்தில் கரடிக்கு யானையளவு கை.

"உங்க வீட்டுச் சொத்தா?" என்றார் டாக்டர்.

"எங்கப்பா ஃபிளாய்ட் ப்ரூயிட் அந்த ஆலையிலதான் இருந்தாரு. இரண்டாவது ஷிஃப்ட். அவரோட கைதான் இது." டுவேன் சாசேஜால் தன் தொப்பையைச் சுட்டிக் காட்டினான். "துணியால தொடைன்னா, போடான்னுட்டு கையால தொடைப்பாரு. மனுஷன் அப்படி."

வெர்னானுக்கு உண்மை தெரியும். மாமனார் ஃபிளாய்ட் அதே ஆலையில் இருக்கையைத் திருகுபவர். ஆணி ஒன்று மிஞ்சினால்கூட மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் பிராணி.

செய்தி தீப்போல் பரவியது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு வந்தார்கள். மொட்டைத் தலைகளும் வெள்ளைத் தாடிகளும் டுவேனைச் சூழ்ந்தன. பச்சை குத்தியவன் சட்டையைத் தளர்த்தித் தோளைக் காட்டினான். டுவேன் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பது போல ஏதோ செய்தான்.

"அப்பாவுக்கு நடுவிரல் எப்படிங்க போச்சு?" என்று ஒருவர் பயபக்தியோடு கேட்டார்.

"சோளம் பறிக்கற மெஷின்," என்றான் டுவேன், கூசாமல். "ஒரு வார்த்தை கத்தலையே. மிச்ச விரலப் பாத்து, நீங்க இருக்கீங்கல்லடான்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

டாக்டர் ஹால்ஸிக்கு யோசனை உதித்தது. "மிஸ்டர் ப்ரூயிட், இந்தக் காருல நீங்களே அந்தக் கையை வெச்சுக் குடுத்தா என்ன? அதே ரத்தம். இதைவிட அசல் வேற என்ன இருக்கு?"

"தாராளமா. என் மச்சான் காருதானே."

பசை டப்பா வந்தது. டுவேன் நடுவிரலை மடக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டான். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் பானெட்டின் அடியில் குனிந்தபோது, வெர்னான் தன் குரலைத் தானே கேட்டார்.

"கைய எடு."

பள்ளி வராந்தாவில் பயன்படுத்திய குரல் அது. டுவேனோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் கையை எடுத்தார்கள்.

"என்ன மச்சான்? பசை சொட்டுது."

"என் அப்பன் வேலை செஞ்ச எடத்துல உன் அப்பன் பேர வைக்கறியா?"

"உங்கப்பாதான் பரிசோதகராச்சே," என்றான் டுவேன். "அட்டையில போட்டிருக்கே."

வெர்னானுக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் விசித்திரமானது. வேண்டாம் என்று நாம் குப்பையில் எறிந்த பொருளை அடுத்த வீட்டுக்காரன் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் கூடத்தில் மாட்டிவைத்து, வந்தவர்களிடம் பரம்பரைச் சொத்து என்று சொன்னால் வருகிற கோபம். ஐம்பது வருஷம் ஊரை ஏமாற்றியது குடும்பப் பெயருக்காக. இப்போது அந்தப் பெயரே இன்னொருவன் சட்டைக்குப் போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா யோக்கியராக மறக்கப்படுவார். வாயைத் திறந்தால் அயோக்கியராக நிலைத்து நிற்பார்.

அவர் முதுகை நிமிர்த்தினார். கண்ணாடியிலிருந்த அட்டையை உருவி இரண்டாகக் கிழித்தார்.

"எங்கப்பா பரிசோதகர் இல்ல. பசை அடைக்கறவரு. அந்தக் கை ஹெர்மன் ஷ்ரேடரோட கை. அந்த ஆலையில அவர மாதிரி அலட்சியமான ஆளு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

கூட்டம் அவரையும் டுவேனையும் மாறி மாறிப் பார்த்தது. இன்று காலைவரை ஒரு தகப்பன்கூட இல்லாத கைக்கு இப்போது இரண்டு தகப்பன்கள்.

"யார் வேணும்னாலும் சொல்லலாமே," என்றார் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர்.

"லூயெல்லாவக் கேளுங்க," என்றார் வெர்னான்.

"ஆமா, அக்காவக் கேளுங்க," என்றான் டுவேன். "பெத்த அப்பாவ விட்டுக்குடுத்துடுவாளா?"

லூயெல்லா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொப்பியை மட்டும் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஒருத்தர் என்னப் பெத்தவரு, இன்னொருத்தர் மாமனாரு. இதுல எவரு அசிங்கமா வேலை செஞ்சாருன்னு நான் சொல்லணும், அப்படித்தானே? நல்லா இருக்கு." அவள் தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, என் கல்யாணத்துல அப்பா அக்கார்டியன் வாசிச்சாரே, எத்தன விரலால வாசிச்சாரு?"

டுவேன் சாசேஜ் குச்சியைப் பார்த்தான்.

"பத்து விரலாலயும் வாசிச்சாரு," என்றாள் லூயெல்லா. "எங்கப்பா சுத்தக்காரரு. அவரு மேல இந்தப் பழிய நான் போட மாட்டேன். கை என் மாமனாரோடதுதான். எங்க வீட்டு மேஜைத்துணி ஒண்ணு பாக்கியில்ல, எல்லாத்துலயும் தடவியிருக்காரு."

"அந்த மேஜைத்துணி இன்னும் இருக்கா?" என்று டாக்டர் அவசரமாகக் கேட்டார்.

"எரிச்சாச்சு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவருக்கு இன்னொன்று உறைத்தது. "அப்படின்னா இது அவரு சொந்தக் கார். இதுல அவரு கை இல்லாமலா இருந்திருக்கும்?"

"இருந்தது," என்றார் வெர்னான்.

"எங்க?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன்."

சர்ச்சில் கெட்ட வார்த்தை கேட்டாற்போல் ஆகிவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பச்சை குத்தியவன் தோளை மூடிக்கொண்டான். "அசலை," என்றார் டாக்டர், தழுதழுத்து. "ஹெர்மன் ஷ்ரேடர், தன் சொந்தக் காருல, தன் கையால... உப்புத்தாளா?"

"நல்ல உப்புத்தாள்தான்," என்றாள் லூயெல்லா.

தப்பு செய்தவனே பரிகாரமும் செய்ய வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. வெர்னானின் நடுவிரலை மடக்கி, அசையாதபடி பெயின்ட் அடிப்பவர்களின் காகித நாடாவைச் சுற்றினார்கள். அவர் சட்டைக் கையை ஒரே அளவாக இரண்டு மடிப்பு மடித்தார். கையைப் பசையில் நனைத்தார், மிச்சத்தை டப்பாவின் விளிம்பில் வழித்தார், குனிந்து தகட்டில் நான்கு கோடு இழுத்தார். நான்கும் இணையாக, ஒரே இடைவெளியில், நோட்டுப் புத்தகத்துக் கோடு மாதிரி வந்தன.

டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "ரொம்ப நேரா இருக்கு."

துடைத்தார்கள். வெர்னான் மறுபடி இழுத்தார்.

"இது யோசிச்சு வரைஞ்ச கோடு," என்றார் வெள்ளைத் தாடிக்காரர். "உங்கப்பா யோசிக்கவே மாட்டாருங்க."

"என் அப்பா யோசிக்க மாட்டாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினேழு காருல பாத்திருக்கேன். எனக்கு அவரை நல்லாத் தெரியும்."

பிள்ளையைவிட அப்பனை நன்றாக அறிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மணிக்கட்டைத் தளர விடுங்கள். ஷிஃப்ட் முடியப்போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெர்னான் எல்லாவற்றையும் ஒழுங்காக நினைத்துக்கொண்டார், ஒழுங்காகவே இழுத்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆயிரம் பையன்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்த மனிதர், ஒரு தடவை ஒழுங்கில்லாமல் இருக்க முடியாமல் திணறினார்.

"விடு மச்சான்," என்றான் டுவேன், டிரெய்லரின் சக்கரத்து மேல் உட்கார்ந்துகொண்டு. "உன்னால ஆகாது. எங்கப்பா மாதிரி நீ, சுத்தக்காரன்."

வெர்னான் பல்லைக் கடித்தார். பசை விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் சட்டைக் கைக்கு வந்துவிடும். "துணி," என்று பின்னால் கையை நீட்டினார்.

துணி லூயெல்லாவிடம் இருந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"துணி இல்ல."

"லூயெல்லா, சட்டையில ஆகப்போவுது."

"இல்லன்னா இல்ல."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பசை மடிப்பைத் தொட்டது. ஏதோ கெட்ட வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டு கையை எங்கே கிடைத்ததோ அங்கே தேய்த்தார்.

டாக்டர் ஹால்ஸி குனிந்தார். இந்தத் தடவை கண்ணாடி தேவைப்படவில்லை. சிவப்புத் தகட்டில் மூன்று நீளக் கோடும் நடுவே ஒரு குட்டைக் கோடும், சாய்ந்து, ஒரு முனையில் கட்டி தட்டி, மறுமுனையில் தேய்ந்து, உலகத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் கிடந்தன. பச்சை குத்தியவன் தன் தோளையும் தகட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினான். கைதட்டல் எழுந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு வெர்னான் அதை ஏற்றுக்கொண்டார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில்கூட இவ்வளவு பேர் கைதட்டவில்லை.

கார் விலைபோனது. புதிய அட்டையில் ஹெர்மன் ஷ்ரேடரின் பெயரைத் தானே எழுதித் தருவதாக வெர்னான் சொன்னார். 'அலட்சியமானவர்' என்று டாக்டர் போடச் சொன்ன இடத்தில் 'மிகவும் அலட்சியமானவர்' என்று எழுதினார்.

மாலையில் தேவாலயத்துப் பெண்கள் கடை போட்டிருந்த கூடாரத்தில் வெர்னானும் லூயெல்லாவும் டுவேனும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் சாப்பிட்டார்கள். நடுநடுவே மூன்று பேர் வந்து வெர்னானிடம் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். கறை போகாத அந்தக் கையைத்தான் கொடுக்கச் சொன்னார்கள். டுவேனிடம் யாரும் வரவில்லை. அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சரி மச்சான், ஒத்துக்கறேன்," என்றான் கடைசியில். "கை உங்கப்பாவோடதுதான். ஆனா ஒரு விஷயத்துல எங்கப்பாவ அடிச்சுக்க ஆளே கிடையாது. லைன்ல நின்ன வாக்குலயே தூங்குவாரு. ஸ்க்ரூடிரைவர் கையில இருக்கும், குறட்டை விடுவாரு."

"டுவேன்," என்றாள் லூயெல்லா, "வாய மூடிட்டுச் சாப்பிடு."

வெர்னான் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த கெஸ்லர் சங்கத்துக்காரர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நின்னுகிட்டுத் தூங்கறது ஒரு பெரிய விஷயமா? எங்கப்பா படுத்தே தூங்குவாரு. கூரை மடிச்ச கார் வந்தாப் போதும், பின்சீட்டுல ஏறிப் படுத்துடுவாரு."

லூயெல்லா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.